மூன்றாம் தட்டில் ஒரு சின்னது

குளிர்பெட்டி கடைக்கு வந்து இறங்கிய அன்று, தனக்கு ஒரு பெட்டி கிடைத்துவிட்டது என்றுதான் சில்லறை நினைத்தார். பெட்டிக்குத்தான் ஓர் ஆள் கிடைத்திருக்கிறான் என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

சில்லறை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பாக்கிக் காசுக்குப் பதிலாக மிட்டாயைத் தலையில் கட்டாத ஒரே கடைக்காரர் என்பதால் பஸ் நிறுத்தத்து ஜனங்கள் வைத்த பெயர். முன்னால் கடை, பின்னால் ஓர் அறை. அந்த அறையில் அவர், அவர் மனைவி, மனைவியைப் பெற்ற மாமனார். மாமனார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்புதான் ஓய்வு பெற்றதே தவிர, வாய் இன்னும் டியூட்டியில்தான் இருந்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். அந்த மருந்து குளிரில் இருந்தாக வேண்டும். பக்கத்து வீட்டார் இருந்தவரை தங்கள் பெட்டியில் ஓர் ஓரம் கொடுத்திருந்தார்கள். அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனதும் சில்லறை மருந்தை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்தார். மனைவி பார்த்த பார்வையில் துணி காய்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் குளிர்பானக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து, கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி ஒன்றை இலவசமாகத் தருகிறோம் என்றார். அதில் எங்கள் பாட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும், ஒழுங்காக நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஒழுங்காக நிற்பதில் பாட்டிலுக்கு என்ன கஷ்டம்? சில்லறை சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே இன்சுலின் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் புகுந்து, கடைசித் தட்டில், பாட்டில்களுக்குப் பின்னால், சுவரோடு சுவராகக் குடியேறியது.

கம்பெனியில் முகப்பு ஒழுங்குப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அந்தப் பிரிவின் வேலை என்னவென்றால், பாட்டில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்ப்பது. சிரிக்காதீர்கள், அதற்கு ஒரு மாடி முழுக்க ஆபீஸ் இருந்தது. பாட்டிலின் லேபிளில் தொப்பி போட்ட ஆரஞ்சுப்பழம் ஒன்று பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும். அதன் இரண்டு கண்ணும் ரோட்டைப் பார்க்க வேண்டும். பாட்டில் கொஞ்சம் திரும்பி ஒரு கண் மட்டும் தெரிந்தால் அது ஒற்றைக்கண் குற்றம். தொழிற்சாலையில் அட்டைத் தட்டில் அடுக்கும்போதே எல்லாப் பழமும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். லாரியில் ஏற்றும்போதும் அப்படியே. வழியில் மேடு பள்ளத்தில் குலுங்கித் திரும்பிவிட்டால், டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, உள்ளே ஏறித் திருப்பி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"லாரிக்குள்ள இருட்டா இருக்குமே சார், யாரு பாக்கப்போறா?" என்று சில்லறை ஒருமுறை கேட்டுவிட்டார்.

"இருட்டுல ஒழுங்கா நிக்கிற பாட்டில்தாங்க வெளிச்சத்துலயும் ஒழுங்கா நிக்கும்" என்றார் பரிசோதகர்.

இந்தப் பரிசோதகரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரிவிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர் அவர்தான். கொத்தனார் வைத்திருப்பாரே ரசமட்டம், அதுபோல் ஒன்று எப்போதும் அவர் கக்கத்தில் இருக்கும். பாட்டில் மூடிகளின் மேல் அதைக் கிடத்தி, குமிழி நடுவுக்கு வருகிறவரை மூச்சு விட மாட்டார். பிறகு நூல் பிடித்துப் பார்ப்பார். பிறகு ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று, குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு லேபிளையும் படித்ததில்லை. படித்தால் கவனம் சிதறுமாம். முகம் நேராக இருக்கிறதா, அது போதும்.

முதல் தடவை வந்தபோது முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"இங்க இருந்த பாட்டில் எங்க?"

"வித்துட்டேன் சார்."

"முன்வரிசையிலிருந்தா எடுத்து வித்தீங்க?" பரிசோதகர் அந்தக் காலி இடத்துக்கு நேராக விரலை நீட்டினார். "பாக்கறதுக்கு முன்பல்லு விழுந்த மாதிரி இருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

அந்த முறை தேர்ச்சி இல்லை. இரண்டாம் முறை, இரண்டாம் தட்டில் ஒரு பழம் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலும் தேர்ச்சி இல்லை. மூன்றாவது முறையும் தவறினால் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று சொல்லிவிட்டுப் பரிசோதகர் பஸ் ஏறிவிட்டார்.

"பெட்டி போனா போகட்டும்னு விட முடியாதுங்க" என்றாள் மனைவி. "அப்பா மருந்தை எங்க வெக்கிறது? என் தலை மேலயா?"

அன்று முதல் சில்லறைக்குத் தூக்கத்திலும் கை திருகிக்கொண்டே இருந்தது. மாமனாரும் சும்மா இருக்கவில்லை. நாற்காலியைப் பெட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டு, "மாப்ள, ரெண்டாவது தட்டுல ஒருத்தர் வழியை அடைச்சிட்டு நிக்கிறாரு பாருங்க. உள்ள நகரச் சொல்லுங்க. முன்னால எடம் காலியா இருக்கு பாருங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விபரீதம் ஒரு காலை நேரத்தில் நடந்தது. மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். மாமனார் தன் ஊசியைத் தானே போட்டுக்கொண்டார். மருந்தைத் திரும்ப வைக்கப் போனால் கடைசித் தட்டுக்குக் குனிய முட்டி ஒத்துழைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மூன்றாம் தட்டில், முன்வரிசையில், நட்டநடுவில் ஓர் இடம் காலி. சில்லறை அப்போதுதான் ஒரு பாட்டிலை விற்றிருந்தார். சீட் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு கண்டக்டரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? இன்சுலின் குப்பியை அங்கே நிற்க வைத்தார். சும்மா வைக்கவில்லை. இத்தனை நாள் காதில் விழுந்த திட்டெல்லாம் மனசில் இருந்ததே, அதனால் குப்பியின் லேபிளை நேராக ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த பஸ்ஸில் பரிசோதகர் வந்து இறங்கினார்.

அவர் கதவைத் திறந்த பிறகுதான் சில்லறையும் பார்த்தார். இரண்டு பெரிய பாட்டிலுக்கு நடுவில், கட்டைவிரல் உயரத்தில், ஆரஞ்சு மூடி போட்டுக்கொண்டு, மாமனாரின் உயிர் நின்றுகொண்டிருந்தது. போச்சு, பெட்டி போச்சு, மருந்து போச்சு, சாயங்காலம் மனைவியிடம் தானும் போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

பரிசோதகர் கிட்டே வந்தார். குப்பியைப் பார்த்தார். ரசமட்டத்தை வைத்தார். நூல் பிடித்தார். ரோட்டைக் கடந்து போய்க் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நெற்றியில் லேசாக வியர்த்திருந்தது.

"இது... எப்ப வந்துச்சு?"

"இன்னிக்குக் காலையிலதான் சார் இங்க வந்துச்சு" என்றார் சில்லறை. அது உண்மைதான்.

"ம். தெரியும் தெரியும். எங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டாங்க" என்றார் பரிசோதகர்.

அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் கம்பெனியில் தயாரிப்புப் பிரிவுக்கும் முகப்புப் பிரிவுக்கும் ஆகவே ஆகாது. புதுச் சின்ன பாட்டிலை நமக்குச் சொல்லாமல் கடையில் இறக்கிவிட்டார்கள், இப்போது போய் இது என்னவென்று கேட்டால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். படம் பிடித்தார். முகம் நேர், இடைவெளி இல்லை, இரண்டு பக்கமும் சமம். அந்தக் கடைக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிட்டுச் சில்லறையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இதைக் கேட்டு மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அவரு மருந்துக்கு மார்க் போட்டுட்டுப் போயிருக்காரு. நீங்களும் வாயைத் திறக்காம நின்னுட்டிருந்தீங்களா?"

"திறந்தா பெட்டி போயிடும்னு பயந்துட்டேன்மா."

படம் மேலே போனது. மேலே இருந்தவரும் ஆமாம், தெரியும் என்றார். அவருக்கு மேலே இருந்தவரும் ஆமாம், தெரியும் என்றார். ஒரு வாரத்தில் மண்டல மேலாளர் அம்மா காரில் வந்து இறங்கினார். இரண்டு கையிலும் வெள்ளைக் கையுறை. பெட்டியைத் திறந்து, குப்பியைத் தொடாமல், வெகு நேரம் அதன் முன்னால் நின்றார்.

சில்லறைக்கு மனசு கேட்கவில்லை. துணிந்து சொல்லிவிட்டார். "மேடம், தப்பா நெனைச்சுக்காதீங்க. அது நம்ம பானம் இல்ல. என் மாமனாரோட மருந்து."

மேலாளர் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளைக்குப் புரியவைக்கிற மாதிரி பொறுமையாகப் பேசினார். "இங்க பாருங்க. அது மருந்தா இருந்தா பரிசோதகர் அறிக்கையில மருந்துன்னு வந்திருக்கும். அறிக்கையில பானம்னு வந்தாச்சு. அறிக்கையில நான் கையெழுத்துப் போட்டாச்சு. அது மேல போயாச்சு. இனிமே அது மருந்தா இருக்க முடியாதுங்க."

"லேபிளைப் படிச்சுப் பாத்தீங்கன்னா..."

"படிக்கறது எங்க பிரிவோட வேலை இல்ல. உள்ள என்ன இருக்குங்கிறது தயாரிப்புப் பிரிவு. யாரு குடிக்கிறாங்கங்கிறது விற்பனைப் பிரிவு. குடிச்சா என்ன ஆகும்ங்கிறது சட்டப் பிரிவு. எந்தப் பக்கம் பாக்குது? அது ஒண்ணுதான் நாங்க. எங்களை மாதிரி அக்கறையா யாரும் இந்தப் பாட்டிலைப் பாத்ததில்ல." சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது.

மறு வாரம் வட்டாரத்திலிருந்த எல்லாக் கடைக்கும் சுற்றறிக்கை போனது. படத்தில் உள்ளபடி, மூன்றாம் தட்டின் நடுவில், சின்னது ஒன்று கட்டாயம் நிற்க வேண்டும். நிற்காத கடையின் பெட்டி திரும்பப் பெறப்படும். அந்தச் சின்னது எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றிச் சுற்றறிக்கை மூச்சு விடவில்லை. அது வேறு பிரிவு.

கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்? வளையல், பொட்டு விற்கிற அக்கா நகப்பூச்சுப் புட்டியை நிற்க வைத்தாள். பேனாக் கடைக்காரர் மைப்புட்டி வைத்தார். சலூன்காரர் வாசனைத் தைலம் வைத்தார். பரிசோதகர் ஒவ்வொன்றாகப் பார்த்து, முகம் நேராக இருந்தாலும் மூடி ஆரஞ்சு நிறத்தில் இல்லையே என்று மார்க்கைக் குறைத்துக்கொண்டே போனார்.

கெட்டிக்காரர் முக்குக்கடைக்காரர்தான். அவர் சுற்றறிக்கையைத் தூக்கிக்கொண்டு நேராக மருந்துக்கடைக்குப் போய், "இந்தப் படத்துல இருக்கிறது உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார். டாக்டர் சீட்டு வேண்டும் என்றார் மருந்துக்கடைக்காரர். முக்குக்கடைக்காரர் சுற்றறிக்கையையே நீட்டினார். அதில் வட்ட முத்திரை இருந்தது. நாலு பேர் கையெழுத்து இருந்தது. எந்த டாக்டர் சீட்டும் அவ்வளவு லட்சணமாக இருந்ததில்லை என்று மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டார். விஷயம் காதும் காதும் வைத்த மாதிரி இருக்குமா? மறுநாள் கடைக்காரர்கள் எல்லாரும் மருந்துக்கடை வாசலில் நின்றார்கள்.

இதெல்லாம் சில்லறைக்குத் தெரியாது. மாமனாரின் குப்பியில் மருந்து அடிமட்டத்துக்கு இறங்கியதும், புதிது வாங்கப் போனார்.

"ஸ்டாக் இல்லீங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். "அப்படியே துடைச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. இத்தனை கடைக்காரருக்கும் ஒரே நேரத்துல சர்க்கரை வந்துடுச்சு பாவம். அடுத்த சரக்கு வர நாளாகும்."

கடைக்காரர் என்றதும் சில்லறைக்குச் சுற்றறிக்கை ஞாபகம் வந்தது. அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக முக்குக்கடைக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மூன்றாம் தட்டில், புத்தம் புதிய குப்பி ஒன்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அண்ணே, அதைக் குடுத்துடுண்ணே. மாமனாருக்கு மருந்து தீரப்போகுது."

முக்குக்கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டார். "நாளைக்கு என் கடைக்குப் பரிசோதனைப்பா. இந்தப் பெட்டியை நம்பித்தான் என் கோடை வியாபாரமே இருக்கு. ரெண்டு நாள் பொறுத்துக்க. தப்பா எடுத்துக்காதே."

சில்லறையால் தப்பாக எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. பெட்டிக்காக வாயை மூடிக்கொண்டு நின்றவர் அவரும்தானே. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். குப்பியின் அடியில் இரண்டு மூன்று வேளைக்குத்தான் மருந்து இருந்தது. மனைவி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

மறுநாள் காலை, மாமனாருக்கு ஊசி போடுகிற நேரத்துக்கு முன்பே, பரிசோதகர் ஒரு கட்டு நாடாவோடு வந்து நின்றார். கூடவே இரண்டு பேர் நாற்காலிகளை இறக்கினார்கள். கம்பெனித் தலைவரே வருகிறாராம். முதன்முதலில் சின்னது நின்ற பெட்டியை அவரே திறந்து வைத்து, அந்தச் சின்னதைத் தலைமையகத்துக் கண்ணாடிப் பேழையில் வைக்க எடுத்துக்கொண்டு போகப் போகிறாராம். சில்லறை வாயைத் திறப்பதற்குள் நாடா பெட்டியை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சும் விழுந்துவிட்டது.

"சார், உள்ள மருந்து..."

"தலைவர் வந்து போற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. காத்து பட்டா திரும்பிடும்" என்றார் பரிசோதகர்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. தலைவர் வந்தபாடில்லை. மாமனார் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். "நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது மாப்ள" என்று தண்ணீர் கேட்டார். கொடுக்கக் கொடுக்கக் குடித்தார். குரலில் கண்டக்டர் இல்லை. தலைவரை வரவேற்க முன்கூட்டியே வந்திருந்த மேலாளர் அம்மா அதைக் கண்டு உருகிவிட்டார். "தாத்தாவுக்குத் தாகம். நம்ம பானம் ஒண்ணு குடுங்க!" என்றார். யாரோ வண்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து நீட்ட, மனைவி பாய்ந்து வந்து அதைத் தட்டிவிட்டாள். பாட்டில் உருண்டது. அது உருண்ட திசையையெல்லாம் பார்த்துப் பரிசோதகர் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் தலைவர் வந்தார். பெரிய உடம்பு, களைத்த முகம், கையில் தண்ணீர் பாட்டில். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே, மத்த கம்பெனிங்க பானம் விக்கிறாங்க. நாம பானம் விக்கல. நேரா நிக்கிறது எப்படின்னு உலகத்துக்குக் காட்டிட்டிருக்கோம். நான் இந்தக் கம்பெனியை எங்கப்பாகிட்டயிருந்து வாங்கினப்போ அவர் சொன்னது ஒரே வார்த்தை. மகனே, முன்பக்கத்தைப் பாத்துக்கோ, பின்பக்கம் தன்னால நடக்கும்னாரு. இன்னிய வரைக்கும் நான் பின்பக்கம் திரும்பிப் பாத்ததே இல்ல!"

கைதட்டல் அடங்குவதற்குள் பெட்டிப்பக்கம் ஒரு சத்தம். சில்லறையின் மனைவி கத்தரிக்கோலோடு நின்றாள். நாடா தரையில் கிடந்தது. கதவைத் திறந்தாள். குப்பியை எடுத்தாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். கலங்கல் மருந்தை அப்படித்தான் உருட்டிக் கலக்க வேண்டும்.

"உருட்டாதீங்க! முகம் சுத்துது, முகம் சுத்துது!" என்று பரிசோதகர் அலறினார்.

அவள் காதில் எதுவும் ஏறவில்லை. ஊசியில் மருந்தை ஏற்றி, அப்பாவின் சட்டையை விலக்கி, வயிற்றில் குத்தினாள். அத்தனை பேர் முன்னாலும் குத்தினாள்.

மேலாளர் அம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "பாத்தீங்களா சார்? வாயால குடிக்கிற வரைக்கும்கூடப் பொறுமை இல்ல. நேரா உடம்புல ஏத்திக்கிறாங்க! இப்படி ஒரு வரவேற்பு எந்தப் பானத்துக்குக் கிடைச்சிருக்கு?"

தலைவர் நெகிழ்ந்துபோய் மாமனாரிடம் ஒலிபெருக்கியை நீட்டினார். "ஐயா, எப்படி இருக்குன்னு நாலு வார்த்தை சொல்லுங்க."

"இது இருக்கிறதாலதான்யா நான் உயிரோட இருக்கேன்" என்றார் மாமனார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பரிசோதகர் அதை எழுதிக்கொண்டார்.

தலைவர் குப்பிக்காகக் கையை நீட்டினார். மனைவி கொடுக்கவில்லை. அப்போதுதான் சில்லறைக்கு என்ன ஆனதோ, யார் கொடுத்த தைரியமோ, குப்பியை வாங்கித் தானே தலைவரின் உள்ளங்கையில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போங்க ஐயா. ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அதைப் படிங்க."

"படிக்கணுமா?" தலைவர் பரிசோதகரைப் பார்த்தார். பரிசோதகர் வானத்தைப் பார்த்தார். தலைவர் மேலாளர் அம்மாவைப் பார்த்தார். அவர் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார். தலைவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். அந்தக் கம்பெனியின் சரித்திரத்தில் ஒரு லேபிளை ஒருவர் படித்தது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

ஆனாலும் தலைவர் தலைவர்தானே. சட்டென்று குரலை உயர்த்தினார். "நம்ம பெட்டியில வெளிப்பொருளா? ஒப்பந்தத்தை மீறியிருக்கீங்க! பெட்டியை ஏத்துங்க வண்டியில!"

இரண்டு பேர் பெட்டியைப் பிடிக்க வந்தார்கள். சில்லறை அவர்களுக்கு முன்னால் பெட்டியருகே போனார். சண்டை போடவில்லை. மேல் தட்டில் கையை விட்டு, முதல் பாட்டிலை அரைச் சுற்றுத் திருப்பினார். சிரிக்கிற பழம் சுவர்ப்பக்கம் போனது. பொடி எழுத்தில் அச்சடித்த முதுகு ரோட்டைப் பார்த்தது. அடுத்ததையும் திருப்பினார். அதற்கடுத்ததையும். இத்தனை நாள் பழக்கம் இல்லையா, கை மின்னலாக ஓடியது. ஒரு தட்டு முழுக்க முதுகு காட்டி நின்றது.

பஸ் நிறுத்தத்து ஜனங்கள் கண்ணாடியருகே வந்து குனிந்தார்கள். "என்னமோ எழுதியிருக்கே" என்று ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார். "பழச்சாறு இல்லைன்னு போட்டிருக்கு. அப்புறம் அந்தப் பழம் எதுக்குய்யா சிரிக்குது?" "சர்க்கரை எவ்வளவுன்னு பாருங்க, அடேங்கப்பா!" என்றார் இன்னொருவர். கையில் பாதி குடித்த பாட்டிலோடு நின்றவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கீழே வைத்தார்.

"நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்தச் சொல்லுங்க!" என்று மேலாளர் அம்மா பதறினார். பரிசோதகர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சில்லறை இரண்டாம் தட்டுக்கு வந்துவிட்டார். ஒரு பாட்டிலைத் தலைவரின் முகத்துக்கு நேராகவே திருப்பிப் பிடித்தார். தலைவருக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறந்துபோயிருந்தது. அவரும் படித்துவிட்டார். அவர் உதடு ஏதோ கணக்குப் போட்டது.

"போதும்ப்பா" என்றார் தலைவர். குரல் இறங்கிவிட்டது. "பெட்டி இங்கயே இருக்கட்டும். மருந்தும் இருக்கட்டும். தயவுசெஞ்சு பழத்தை முன்னாடி திருப்பு."

"என் மாமனாரோட மருந்து என் பெட்டியில எங்க வேணா இருக்கும். எழுதிக் குடுங்க" என்றார் சில்லறை. எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் திருப்பினார்.

அன்று மாலையே சுற்றறிக்கை வந்துவிட்டது. அமோக வரவேற்பின் காரணமாகச் சின்னதின் கையிருப்பு தீர்ந்துவிட்டதாகவும், கடைக்காரர்கள் அதை உடனே தட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. பரிசோதகருக்குப் பதவி உயர்வு. கடைக்காரர்கள் குப்பிகளை என்ன செய்வதென்று தெரியாமல் சில்லறையிடமே கொண்டுவந்து கொட்டினார்கள். முக்குக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு முதல் ஆளாக வந்தார். நல்லவேளை, எல்லாம் குளிரிலேயே இருந்தன. மருந்து கிடைக்காமல் தவித்தவர்களை மருந்துக்கடைக்காரர் சில்லறையின் கடைக்கு அனுப்பி வைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் சில்லறையின் மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று நாற்காலிகளை ஏற்றி, எல்லாரும் கிளம்பிய பின், தலைவரின் கார் மட்டும் கொஞ்ச தூரம் போய் நின்றது. அவர் தனியாக இறங்கி நடந்து வந்தார். தண்ணீர் பாட்டில் காலியாகிவிட்டிருந்தது. மாமனார் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

"டாக்டர் எனக்கும் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காருங்க. நான்தான் தள்ளிப்போட்டுட்டே இருக்கேன்" என்றார். "ஊசி வலிக்குமா?"

"எறும்பு கடிக்கிற மாதிரிதான். பயப்படாதீங்க" என்றார் மாமனார். மருந்து வேலை செய்யத் தொடங்கிக் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. "குளிர்ல மட்டும் பத்திரமா வெச்சுக்கணும்."

கூப்பிட்டால் ஓடி வர ஆயிரம் பேரை வைத்திருந்த மனுஷன், இதைக் கேட்க ஆளில்லாமல் ஒரு பெட்டிக்கடை வாசலுக்கு வந்திருந்தார்.

"எங்க வீட்டுக் குளிர்பெட்டியில எடமே இல்லீங்களே" என்றார். "மேலயிருந்து கீழ வரைக்கும் நம்ம பாட்டில்தான் நிக்குது."

"அதுக்கென்ன," என்றார் மாமனார், "நாலு பேரை இறக்கி விடுங்க."